பொட்டலத்தைப் பிரிக்காமல் மணம் காட்டுவது எப்படி? சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபில்டர் காபித்தூள், குளியல் சோப்பு, ஊதுபத்தி, சாம்பிராணி, மசாலாப் பொடி போன்றவற்றை வீட்டிலோ சிறு கூடத்திலோ தயாரித்து, முதன்முறையாகக் கடைத்தட்டுக்கு அனுப்பப்போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவற்றை வாங்க வருபவர் விலையைப் பார்த்த கையோடு பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோவார். வாசம் எதுவும் வராவிட்டால் சிலர் அப்படியே வைத்துவிடுவார்கள். சிலர் யாரும் பார்க்காத நேரத்தில் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். கீறிய பொட்டலத்தை அடுத்தவர் தொடமாட்டார், கடைக்காரர் அதை நம் கணக்கிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இதற்குத் தீர்வாக வாசம் வெளியே வரும்படி பொட்டலம் போட்டால் போதும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றுகிறது. ஆனால் வாசம் வெளியே வரும் பொட்டலம் என்பது வாசத்தை இழந்துகொண்டிருக்கும் பொட்டலம். இன்று கடையில் கமகமவென்று மணந்தது, ஒரு மாதம் கழித்து வாங்குபவர் வீட்டில் வெறும் தூளாக இருக்கும். ஆகவே விற்கும் பொட்டலம் மணத்தைக் காக்கட்டும், மணத்தைக் காட்டுவதற்கு முடிந்தவரை வேறொரு வழி இருக்கட்டும் என்பதே என் கருத்து. ஒரே பொட்டலத்தால் இரண்டையும் செய்ய முடிகிற சில பொருள்களும் உண்டு. அவை எவை என்று கண்டுபிடிப்பதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

முதற்படி: உங்கள் பொருளின் மணம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள்

மணம் என்பது பொருளிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலந்து மூக்குக்கு வரும் நுண்ணிய மூலக்கூறுகள்தான். எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் மணம் முதலில் பாய்ந்து வந்து முதலில் போய்விடும். வெட்டிவேர், சந்தனம், பச்சோலி போன்றவை மெல்ல எழுந்து நாள்கணக்கில் நிற்கும். ஓவியம் வரையும் தாளைப்போல் கெட்டியான, மணமில்லாத காகிதத்தைச் சிறு பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் நீங்கள் சேர்க்கும் மண எண்ணெயில் ஒரு சொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்தும், ஒரு மணி நேரம் கழித்தும், மாலையிலும், மறுநாள் காலையிலும் முகர்ந்து குறித்துவையுங்கள். மறுநாள் காலையில் எதுவுமே மிஞ்சாத மணமானால், அதைத் துளையிட்ட பெட்டியில் வைத்து விற்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிடலாம். இரண்டு மூன்று நாள் கழித்தும் நின்றால் துளைக்கு இடமுண்டு.

காற்று பட்டால் கேடு மணத்துக்கு மட்டுமல்ல. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் உள்ள லிமோனீனும், லாவெண்டரில் உள்ள லினலூலும் நெடுநாள் காற்றில் கிடந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. குளியல் சோப்பு செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: உறையைச் சோதியுங்கள்

இந்தப் படியை நான் தவிர்த்துவிட்டுக் கைசுட்டுக்கொண்டேன். தொடக்கத்தில் மலிவாகக் கிடைத்த பாலித்தீன் உறைகளில் காபித்தூளை அடைத்து, நன்றாக ஒட்டி, அதே அட்டைப்பெட்டியின் மறுபாதியில் சாம்பிராணியையும் அடுக்கி வெளியூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசினார். "டிகாஷன் இறக்கினால் பூஜை அறை மாதிரி மணக்கிறதே" என்று அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். உறையில் ஒரு துளைகூட இல்லை. மெல்லிய பாலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்குமே தவிர, மண மூலக்கூறுகள் அதனுள் கரைந்து ஊடுருவி மறுபுறம் வெளியேறிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாம்பிராணியின் மணம் இரண்டு உறைகளைத் தாண்டிக் காபிக்குள் போயிருந்தது.

பொதுவாகச் சொன்னால், காகிதம் மணத்தைத் தடுப்பதே இல்லை. பாலித்தீன் சிறிதளவே தடுக்கும். அதோடு சில மணங்களைத் தானே உறிஞ்சியும் கொள்ளும். பாலியெஸ்டர் படலம் நன்றாகத் தடுக்கும். அலுமினியத் தகடு சேர்த்த லேமினேட் உறை, அதாவது பல படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த உறை, மடிப்பில் விரிசல் விழாதவரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். காபித்தூள், மசாலாவுக்கெல்லாம் வெளியே 12 மைக்ரான் பாலியெஸ்டர், நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே சூட்டில் ஒட்டுவதற்கான பாலித்தீன் என்று மூன்றடுக்கில் வரும் உறைகள் அதனால்தான் புழக்கத்தில் உள்ளன. தகட்டுக்குப் பதிலாக அலுமினிய ஆவி பூசிய படலம் வாங்கினால் விலை குறையும், காப்பும் சற்றுக் குறையும்.

விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்துவிடுங்கள். வெற்று உறையை வாங்கியவுடன் அதன் வாயை விரித்து முகருங்கள். அச்சு மையின் நெடியோ பிளாஸ்டிக் நெடியோ அடித்தால் அந்த உறைக்கட்டு முழுவதையும் அப்படியே திருப்பிவிடுங்கள், அந்த நெடி உங்கள் பொருளுக்குள் இறங்காமல் இருக்காது. அடுத்து, காற்றோடு ஒட்டிய உறையைத் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக அழுத்துங்கள். ஒட்டிய இடத்தில் குமிழி வந்தால், உறையைச் சூட்டால் ஒட்டும் கருவியான ஹீட் சீலரின் சூட்டையோ அழுத்தும் நேரத்தையோ மாற்ற வேண்டும். மூலைகளிலும், தூள் சிந்தி ஒட்டிய இடங்களிலும்தான் பெரும்பாலும் குமிழி வரும். மூன்றாவது சோதனைக்கு நன்கு கழுவி வெயிலில் காயவைத்த இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் வேண்டும். ஒன்றில் பொருள் நிரப்பிய பொட்டலத்தையும் மற்றதில் வெற்று உறையையும் வைத்து மூடி, ஒரு வாரம் கழித்து வீட்டில் வேறு யாரையாவது திறந்து முகரச் சொல்லுங்கள். முதல் டப்பாவில் உங்கள் பொருளின் மணம் தெரிந்தால், உறை வாசத்தை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். நீங்களே முகர்ந்தால் சரியாக வராது. நாள் முழுதும் அந்த மணத்திலேயே இருக்கும் மூக்கு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

மூன்றாம் படி: பொருளுக்கேற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்

காபியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஒரே பொட்டலம் மணத்தைக் காக்கவும் காட்டவும் கூடிய அரிய இடம் இது. வறுத்த காபிக் கொட்டை நாள்கணக்கில் கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். முழுதும் அடைத்த உறையில் போட்டால் உறை ஊதிப் பருத்துவிடும். வாயு போகட்டும் என்று துளையிட்டால் ஆக்சிஜன் உள்ளே போய்க் காபியைச் சாரமிழக்கச் செய்துவிடும். இந்தச் சிக்கலுக்கு 1960களில் இத்தாலியின் கோக்லியோ நிறுவனம் ஒருவழி வால்வைக் கொண்டுவந்தது. சட்டைப் பொத்தான் அளவே உள்ள அந்தப் பிளாஸ்டிக் வட்டத்துக்குள் மெல்லிய சவ்வு ஒன்று எண்ணெய்ப் பூச்சோடு ஒட்டிக் கிடக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் சவ்வு லேசாக எழும்பி வாயுவை வெளியே விட்டு, மறுபடி படிந்து மூடிக்கொள்ளும். வெளிக்காற்று உள்ளே வராது.

வால்வு வந்தது வாயுவுக்காகத்தான் என்றாலும், பொட்டலத்தை மூக்கருகே பிடித்து இரு கைகளாலும் மெல்ல அழுத்தினால் உள்ளே தேங்கியிருக்கும் மணக்காற்று வால்வு வழியாகச் சீறி வரும். பொட்டலத்தின் மேற்பகுதியில் வால்வை வைத்து, அதன் கீழே "இங்கே மெதுவாக அழுத்தி முகர்ந்து பாருங்கள்" என்று அச்சிட்டுவிட்டால் யாரும் ஓரத்தைக் கீறமாட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கொட்டையை விட அரைத்த தூள் வாயுவை மிக விரைவாக இழந்துவிடும். அதனால் தூள் பொட்டலம் சில முறை அழுத்தப்பட்டதும் உள்ளிருக்கும் காற்று தீர்ந்து, உறை தூளோடு ஒட்டிக்கொண்டு, பிறகு அழுத்தினாலும் ஒன்றும் வராது. நுண்ணிய தூள் வால்வை அடைத்துவிடாமலிருக்க, பின்புறம் வடிதாள் ஒட்டிய வால்வாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பொட்டலத்தை மட்டும் முகர்வதற்கென்று முன்னால் வைத்து, பின்னால் உள்ளவற்றை யாரும் அழுத்த வேண்டாதபடி செய்துவிடுவது நல்லது. உங்கள் உறைக்காரரிடம் வால்வு பொருத்தும் வசதி இல்லையென்றால், ஏற்கெனவே வால்வு பொருத்திய ஆயத்த பவுச்சுகளைச் சில நூறு எண்ணிக்கையில் வாங்கித் தொடங்கலாம்.

சோப்பின் கதை வேறு. வெட்டிவேர், சந்தனம், சாம்பிராணி போன்ற நிலைத்து நிற்கும் மணமுள்ள சோப்புக்கு அட்டைப்பெட்டியில் துளையிடுவது பொருந்தும். பெட்டி தட்டில் நிற்கும்போது வாங்குபவரை நோக்கியிருக்கும் குறுகிய முனையில் மூன்று நான்கு சிறு துளைகள் போதும். விரல் நுழையும் அளவுக்கு வேண்டாம். துளைக்குப் பின்னால் சோப்பை மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசாத மெல்லிய காகிதத்தில் சுற்றிவைத்தால், மணம் வரும், தூசியும் நகமும் சோப்பைத் தொடாது. பட்டர் பேப்பர் அழகாக இருக்கிறது என்று அதில் சுற்றுகிறார்கள். எண்ணெய் ஊறாத அந்தத் தாள் மணத்தையும் ஓரளவு மறித்துவிடும், துளை வீணாகும். எண்ணெய்ப் பசை பெட்டியில் கறையாகப் படிகிறது என்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். சோப்பு இன்னும் பதமாகவில்லை. சூடாக்காமல் செய்யும் சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும்.

துளையிட்ட பெட்டியில் இன்னொரு சங்கடம் எடை. காய்ந்த சோப்பிலும் ஈரம் உண்டு. அது துளை வழியாகத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். பெட்டியில் 100 கிராம் என்று அச்சிட்டுவிட்டு, தட்டில் கிடந்து 94 கிராமான சோப்பை விற்றால் வாடிக்கையாளருக்கும் நட்டம், எடையளவு ஆய்வாளர் வந்தால் உங்களுக்கும் வழக்கு. ஐந்து சோப்புகளைத் துளையிட்ட பெட்டியில் போட்டு, இரண்டு மாதம் வாரந்தோறும் எடைபோட்டுப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தபின், அதை ஈடுகட்டும் அளவுக்குக் கட்டியைப் பெரிதாக வெட்டுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மணச் சோப்பைத் துளையில்லாப் பெட்டியில் அடைத்து, மணம் காட்டத் தனிமாதிரி வைப்பதே சரி.

ஊதுபத்தியிலும் சாம்பிராணியிலும் நேர்மை பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. பொட்டலத்தில் வரும் மணமும் பற்றவைத்தபின் வரும் மணமும் ஒன்றல்ல. மேலே பூசிய வாசனைத் திரவியம் பெட்டியில் இனிமையாக மணந்து, எரியும்போது கரிநெடியோடு முடிவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். பெட்டியின் வாசத்தைக் கூட்டுவதற்காகவே திரவியத்தை அதிகம் தெளிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து தொடராதீர்கள். விற்கும் பத்திகளை நல்ல உறையில் அடைத்துவிட்டு, கடைக்காரருக்கு மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் சில பத்திகளைக் கொடுத்து, மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அதிலிருந்து ஒன்றை ஏற்றிவைக்கச் சொல்லுங்கள்.

மசாலாப் பொடிக்கு வழி குறுகலானது. அரைத்த மசாலாவைப் பொட்டலமிட்டே விற்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உணவுப் பொட்டலத்தில் ஊசித்துளை இட்டு மேலே ஒட்டுத்தாள் ஒட்டி, உரித்து முகரச் செய்யும் முறையை உணவல்லாத பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உரித்த பொட்டலத்தில் என்ன கலந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வெட்டிவேர்க் கட்டு, துணி அலமாரியில் வைக்கும் மணப்பை போன்றவற்றுக்கு அந்த முறை அழகாகப் பொருந்தும்.

மசாலாவுக்கும் எலுமிச்சைச் சோப்புக்கும் நான் பரிந்துரைப்பது அழுத்தும் குப்பி. மேசைமேல் சாஸ் வைக்கும் அளவிலான, சிறு துளையும் மூடியும் உள்ள மென்மையான குப்பியில், தூளைக் கனமான பருத்தித் துணிப்பையில் முடிந்து உள்ளே போட்டுவிடுங்கள். மூடியைத் திறந்து, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து லேசாக அழுத்தினால் மணக்காற்று மட்டும் வரும். யாருடைய மூக்கும் குப்பியைத் தொடாது. கொரோனாவுக்குப் பிறகு பொது மாதிரியில் மூக்கை வைக்கத் தயங்குபவர்களும் இதற்குத் தயங்குவதில்லை. துணிப்பை இல்லாமல் தூளை நேரடியாகப் போட்டால் மிளகாய்த்தூள் முகத்தில் தெறிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குப்பியில் மாதிரியை மாற்றிய தேதியை எழுதி ஒட்டுங்கள். காபி, மசாலா மாதிரிகளை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ஏனென்றால் பழைய மாதிரி நல்ல சரக்கின் பெயரைக் கெடுத்துவிடும்.

கீறினால் மணக்கும் அச்சு பற்றியும் கேட்பார்கள். 1950களில் அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம், கார்பன் தாள் இல்லாமல் நகலெடுக்கும் காகிதத்துக்காக, மையை நுண்ணிய கூடுகளில் அடைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் அதே நுட்பத்தில் மைக்குப் பதிலாக மணத் திரவியத்தை அடைத்து, நகத்தால் கீறும்போது கூடு உடைந்து மணம் வரும்படி செய்தார்கள். பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் குறைந்தபட்ச அச்சு எண்ணிக்கை சிறு தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது என்பதோடு, அந்த மணம் உங்கள் பொருளிலிருந்து வருவதில்லை, அச்சகத்துக்கு வந்த திரவியத்திலிருந்து வருகிறது. நீங்கள் பயன்படுத்தும் அதே எண்ணெயை அச்சகத்துக்குக் கொடுக்க முடிந்தால் சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இதை எண்ணிப் பார்க்கலாம். காபிக்கும் மசாலாவுக்கும் வேண்டாம். காபி மணமுள்ள அச்சை முகர்ந்து காபி வாங்கியவர், வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஏமாந்ததாகத்தான் உணர்வார்.

நான்காம் படி: காட்டும் மணமும் விற்கும் மணமும் ஒன்றா என்று பாருங்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். மூன்று ஒரே மாதிரியான கிண்ணங்களை எடுத்து, இரண்டில் பொட்டலத்திலிருந்து பிரித்த பொருளையும், ஒன்றில் மாதிரிக் குப்பியிலிருந்து எடுத்த பொருளையும் வைத்து, துணியால் மூடி, "இதில் வேறுபட்டது எது?" என்று மட்டும் கேளுங்கள். எந்தக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் மாற்றிவையுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால்கூட மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 12 பேரைக் கேட்டால் 4 பேர் சரியாகச் சொல்வது இயல்பு. 8 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் இரண்டுக்கும் உண்மையில் வேறுபாடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாதிரியை அடிக்கடி மாற்ற வேண்டும், அல்லது உறையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இடையே அரை நிமிடம் சும்மா காற்றை இழுக்கச் சொல்லுங்கள். காபிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று வாசனைத் திரவியக் கடைகளில் சொல்வதுண்டு. வெறும் காற்றைவிட அது கூடுதலாக உதவியதை நான் கண்டதில்லை.

ஐந்தாம் படி: அச்சும் சட்டமும்

துளையும் வால்வும் எங்கே வரும் என்பதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே குறித்துவிடுங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, கிராம் போன்ற ஓர் அலகுக்கு எவ்வளவு என்று காட்டும் அலகு விலை, புகார் தெரிவிக்கும் விவரம் ஆகியவை தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். இவற்றில் ஓர் எழுத்தைக்கூடத் துளை தின்றுவிடக் கூடாது. உணவுப் பொருளானால், இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் பதிவெண் அல்லது உரிம எண் வேண்டும். உறையின் அச்சு மை, உணவுப் பொட்டல மைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15495-க்கு உட்பட்டதா என்று உறைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிக்கரி கலந்த காபியானால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குளியல் சோப்பு 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளுக்குள் வருவதால் உற்பத்தி உரிமம் பெறாமல் கடைக்கு அனுப்பாதீர்கள். முகர்வதற்கென்று வைக்கும் பொட்டலத்திலும் குப்பியிலும் "மாதிரி, விற்பனைக்கு அன்று" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அதிலுள்ளதை எக்காரணம் கொண்டும் மறுபடி சரக்கில் கொட்டக் கூடாது.

ஆறாம் படி: கடைக்குப் போனபிறகு

நல்ல உறை போட்டும் சரக்கு கெடுவது பெரும்பாலும் கடைத்தட்டில்தான். உங்கள் காபி டிடர்ஜென்ட் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சோப்பின் துளையில் வெயில் நேராக விழுகிறதா, வால்வை யாராவது விலைச்சீட்டு ஒட்டி மூடிவிட்டார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது நான் இரண்டு கடைகளில் கண்டது. விலை ஒட்டும் பையனுக்கு வால்வு என்னவென்று தெரியாது, வட்டமாக இருக்கும் வெற்றிடம் ஒட்ட வசதியாக இருந்தது. அவனிடம் பொட்டலத்தைக் கொடுத்து அழுத்தி முகரச் சொன்னேன். "அட" என்று சிரித்தவன், அடுத்து வந்த அம்மாவிடம் தானே எடுத்து நீட்டினான்.

சரக்கு போய் மூன்று வாரமானதும், ஒரு வாடிக்கையாளரைப் போலப் போய் உங்கள் பொட்டலம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வாருங்கள். அதே தேதியில் தயாரித்து வீட்டில் மூடிவைத்திருக்கும் பொட்டலத்தையும் எடுத்து, நான்காம் படியில் சொன்ன மூன்று கிண்ணங்களை மறுபடி வைத்து, அந்தப் பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிடுங்கள். உறையை மாற்றுவதா, மாதிரி மாற்றும் நாளைக் குறைப்பதா, தட்டில் இடத்தை மாற்றச் சொல்வதா என்பதை அவர்கள் சொல்லும் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்து, அடுத்த உறைக்கு அதன்பிறகே முன்பணம் கொடுங்கள்.